வதை முகாமில் இருந்து மீண்டவர்... கண்டம் தாண்டும் 'ஃபால்கன்' ஜெட்டுக்குப் பின்னால் இருந்த மார்செல் டசால்ட் யார்?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமம் பகுதியில் காலை நேரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். டீக்கடை வாசலில் பிரெஞ்சு கேட்கும், கொஞ்சம் தள்ளி ரஷ்யன் கேட்கும். உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தோ வந்தவர்கள் அவர்கள். ஆனால் திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. பெரும்பாலானவர்கள் சென்னையில் இறங்கி, திண்டிவனம், செஞ்சி வழியாக சுமார் 190 கி.மீ. காரிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். அதுக்கே 4 மணி நேரம் போய்விடும். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். வெளிநாட்டு விமானங்கள் அங்கே நேராக வருவதில்லை.

பாரிஸில் இருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 8,000 கி.மீ. இன்றைக்கு சொந்த ஜெட் வைத்திருக்கும் ஒருவர் பாரிஸில் ஏறினால், எங்கேயும் நிற்காமல் சென்னையில் இறங்கலாம். 60 வருஷம் முன்னாடி அது நடக்காது. 1963-ல் பறந்த முதல் ஃபால்கன் ஜெட், ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 3,300 கி.மீ. தான் போகும். சென்னைக்கு வர வேண்டும் என்றால் வழியில் குறைந்தது 2 இடங்களில் இறங்கி எரிபொருள் போட வேண்டும்.

அந்த 3,300 கி.மீ.யை நீட்டிக்கொண்டே போன நிறுவனத்தின் பெயர் நமக்குப் புதுசு இல்லை. ரஃபேல் விவகாரத்தில் தினமும் செய்தியில் அடிபட்ட அதே டசால்ட்தான். (பிரெஞ்சுக்காரர்கள் 'தஸ்ஸோ' என்பார்கள். நம்ம ஊர் செய்திகளில் டசால்ட் என்றே பழகிவிட்டது.) ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தமிழில் பெரிதாக யாரும் பேசியதில்லை. இன்னொரு விஷயம், டசால்ட் என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயரே இல்லை.

நாற்காலிக் கடையில் பிறந்த புரொப்பல்லர்

மார்செல் பிளாக் 1892 ஜனவரி 22-ம் தேதி பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா டாக்டர். 4 மகன்களில் கடைக்குட்டி. 1909-ல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றி ஒரு விமானம் பறந்ததை நேரில் பார்த்தார். பையன் அன்றைக்கு முடிவு பண்ணிவிட்டான், இனிமேல் விமானம்தான் என்று. மின்பொறியியல் படித்துவிட்டு, பிரான்ஸின் விமானப் பொறியியல் கல்லூரியான சூப்பேரோவில் சேர்ந்தார். அங்கே அவருடன் படித்த ரஷ்ய மாணவர்களில் ஒருவர் மிக்கேல் குரேவிச். பிற்காலத்தில் 'மிக்' போர் விமானங்களை உருவாக்கிய இருவரில் அவர் ஒருவர். ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த 2 பேரின் விமானங்களையும் பின்னாளில் வாங்கிப் பறக்கவிட்டது இந்தியா!

முதல் உலகப் போர் வந்தது. அப்போதைய பிரெஞ்சு விமானங்களின் புரொப்பல்லர்கள் சரியில்லை என்பது இளைஞர் மார்செலின் எண்ணம். தானே ஒன்றை வடிவமைத்தார். பாரிஸில் மரச்சாமான் செய்பவர்கள் நிறைந்த பகுதியில் ஒரு பட்டறையைப் பிடித்து, அதைச் செய்தும் காட்டினார். 'எக்ளேர்' என்ற அந்த மர புரொப்பல்லர், பிரான்ஸின் புகழ்பெற்ற போர் விமானிகளின் விமானங்களில் ஏறியது. அந்த மரச்சாமான் தொழில் குடும்பத்துப் பெண்ணான மதலேனைத்தான் 1919-ல் திருமணம் செய்துகொண்டார்.

அடுத்து முழு விமானமே செய்தார். 1918-ல் ராணுவம் 1,000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. பெரிய ஆர்டர். ஆனா அந்த நவம்பரிலேயே போர் முடிந்தது, ஆர்டரும் முடிந்தது. போர் விமானத்துக்கு அரசாங்கம் ஒன்றுதான் வாடிக்கையாளர்; அது ஒரே நாளில் கையை விரித்துவிடலாம் என்ற பாடம் 26 வயதிலேயே கிடைத்துவிட்டது. பிசினஸ் ஜெட் கதைக்கு இந்த இடம் முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வருஷத்துக்கு மேல் விமானம் பக்கமே போகவில்லை. மரச்சாமான், வீடு கட்டி விற்பது என்று வேறு வேலை. 1928-ல் பிரான்ஸ் விமானத்துறைக்குத் தனி அமைச்சகம் தொடங்கியதும் திரும்பி வந்தார். 1930-ல் வந்த அவரது முதல் விமானம் தபால் கொண்டுபோகும் ரகம், 3 இன்ஜின். இந்த '3 இன்ஜின்' சமாச்சாரமும் பின்னாடி திரும்பி வரும். தொழில் வளர்ந்து தொழிற்சாலைகள் பெருகிய நேரத்தில், 1936-ல் ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி அரசு ராணுவ விமானத் தொழிலை நாட்டுடமை ஆக்கியது. அவரது ஆலைகளும் கைமாறின.

புக்கன்வால்ட்

1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. யூதர், அதிலும் விமானம் செய்யத் தெரிந்த யூதர். ஜெர்மானியருக்காக விமானம் செய்ய அவர் சம்மதிக்கவில்லை. அவர் மட்டும் தலையாட்டியிருந்தால் குடும்பத்துக்கு என்னென்ன சலுகை கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதிலாகப் பல காவல் முகாம்கள், சிறை, கடைசியில் பாரிஸ் அருகே துரான்சி முகாம். மனைவியும் பிள்ளைகளும் கைதானார்கள். 1944 ஆகஸ்டில், பாரிஸ் விடுதலை ஆகப்போகும் நேரத்தில், அவரை ஜெர்மனியின் புக்கன்வால்ட் வதை முகாமுக்கு அனுப்பினார்கள். வயது 52.

அங்கே அவர் பிழைத்ததற்குக் காரணம், முகாமுக்குள் ரகசியமாக இயங்கிய கம்யூனிஸ்ட் கைதிகள். குறிப்பாக மார்செல் பால் என்ற தொழிற்சங்கத் தலைவர். பெரிய முதலாளியைத் தொழிற்சங்கக்காரர் காப்பாற்றினார். வாழ்நாள் முழுக்க வலதுசாரி அரசியலில் இருந்த மார்செல், இந்தக் கடனை மட்டும் மறக்கவில்லை. பின்னாளில் கம்யூனிஸ்டுகளுக்கு அவர் பண உதவி செய்தது பிரான்ஸில் ஊரறிந்த விஷயம்.

1945 ஏப்ரல் 11-ம் தேதி அமெரிக்கப் படை முகாமை விடுவித்தது. தொண்டை அடைப்பான் நோயின் பாதிப்பால் நடக்கவே முடியாத நிலையில் ஊர் திரும்பினார்.

பெயர் மாறியது அதன் பிறகுதான். அவரது அண்ணன் டாரியஸ் பால், ராணுவ ஜெனரல். ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் 'ஷார்தஸ்ஸோ' என்ற புனைபெயரில் இருந்தவர். பிரெஞ்சில் ராணுவ டாங்கியைக் குறிக்கும் சொல்லின் ஒலி அது. அதில் இருந்து 'தஸ்ஸோ'வை எடுத்துக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1949 முதல் அவர் முறைப்படி மார்செல் டசால்ட். 1950-ல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்.

இந்தியா வாங்கிய 'தூஃபானி'

அதே 1949-ல் அவரது முதல் ஜெட் போர் விமானம் 'ஊராகான்' பறந்தது. 1953-ல் அதை வாங்கிய முதல் வெளிநாடு இந்தியா. நம்ம விமானப்படை வைத்த பெயர் 'தூஃபானி'. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அந்த ஆண்டு புதுச்சேரி இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1-ம் தேதி. ஒரு பக்கம் புதுச்சேரியைக் கேட்டுப் பேச்சு, இன்னொரு பக்கம் அதே நாட்டிடம் போர் விமானக் கொள்முதல்.

அடுத்து 'மிஸ்டேர்' விமானங்கள் வந்தன. 1965 போரில் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போய் வீரமரணம் அடைந்த குடகு மண்ணின் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா ஓட்டியது மிஸ்டேர்தான். 2025-ல் வந்த 'ஸ்கை ஃபோர்ஸ்' இந்திப் படம் அந்தச் சம்பவத்தைத் தழுவியது. பிறகு மிராஜ் 2000, ரஃபேல் என்று கதை தொடர்ந்தது. அதெல்லாம் தெரிந்த கதை. ஜெட்டுக்கு வருவோம்.

போர்டோவுக்கு வந்த விருந்தாளி

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு புதுச் சந்தை உருவாகிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் ஊர் ஊராகப் பறக்க வேண்டும். பயணிகள் விமானத்தின் நேரத்துக்குக் காத்திருக்க அவர்கள் தயாரில்லை. லாக்ஹீடின் ஜெட்ஸ்டார், பில் லியர் என்பவரின் லியர்ஜெட், பிரிட்டனின் எச்.எஸ். 125 எல்லாம் இந்தச் சந்தைக்காகத் தயாராகிவந்தன. 1918-ல் சூடுபட்ட மார்செலுக்கு, அரசாங்கம் அல்லாத வாடிக்கையாளர் வேண்டும். 1961 கடைசியில் 'மிஸ்டேர் 20' திட்டத்துக்குப் பச்சைக்கொடி காட்டினார். போர் விமானம் செய்து பழகிய கை, அதனால் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. அழகாகத் தெரியும் விமானம் நன்றாகப் பறக்கும் என்பது அவரது நம்பிக்கை. நாற்காலி செய்த காலத்திலேயே வந்திருக்கும் போல.

1963 மே 4-ம் தேதி, போர்டோ நகரின் மெரினியாக் விமான நிலையத்தில் அது முதல் முறையாகப் பறந்தது. அன்றைக்கு அங்கே வந்திருந்த அமெரிக்கக் குழுவில் உயரமான ஒரு மனிதர் இருந்தார். சார்லஸ் லிண்ட்பர்க். 1927-ல் நியூயார்க்கில் இருந்து பாரிஸுக்குத் தனியாளாக, நிற்காமல், 5,800 கி.மீ. பறந்து உலகப் புகழ் பெற்றவர். பான் ஆம் விமான நிறுவனம் விற்பனைக்கு ஏற்ற பிசினஸ் ஜெட் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு ஆலோசகர் லிண்ட்பர்க்.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. 1938-ல் நாஜி தலைவர் கோரிங்கின் கையால் ஜெர்மன் பதக்கம் வாங்கியவர் இந்த லிண்ட்பர்க். அமெரிக்கா ஹிட்லருக்கு எதிரான போரில் இறங்கக் கூடாது என்று மேடைக்கு மேடை பேசியவர். அவர் எடைபோட வந்தது புக்கன்வால்டில் இருந்து உயிரோடு திரும்பிய ஒரு யூதரின் விமானத்தை. பழைய கணக்குகள் அன்றைக்குக் குறுக்கே வரவில்லை. நாங்கள் தேடிய விமானம் இதுதான் என்று லிண்ட்பர்க் அன்றே பான் ஆமுக்குத் தந்தி அடித்தார். 40 விமானங்களுக்கு உறுதியான ஆர்டர், விரும்பினால் மேலும் 120. அமெரிக்கர்கள் கேட்டபடி இன்ஜின் மாற்றப்பட்டது, பெயரும் 'ஃபால்கன்' ஆனது. தமிழில் வல்லூறு.

அடுத்த வருஷமே குடும்பத்துக்கு ஒரு அதிர்ச்சி. 1964 மே மாதம் மதலேன் வீட்டு வாசலிலேயே கடத்தப்பட்டார். மறுநாள் ஒரு பண்ணை வீட்டில் போலீஸ் அவரைப் பத்திரமாக மீட்டது.

பார்சலும் பறந்தது

பிசினஸ் ஜெட் என்றால் பணக்காரர் ஷாம்பெயின் குடித்துக்கொண்டு போவது என்றுதான் நம்ம மனசில் படம் ஓடும். பாதி உண்மை. மீதிப் பாதியை ஃபால்கனே காட்டியது.

1973 ஏப்ரல் 17-ம் தேதி இரவு, அமெரிக்காவின் மெம்பிஸில் இருந்து ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற புதுக் கம்பெனி தன் சேவையைத் தொடங்கியது. 14 ஃபால்கன் 20 விமானங்கள், 25 நகரங்கள், 186 பார்சல்கள். சோபாக்களைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பெரிய சரக்குக் கதவு வைத்த ஃபால்கன்கள் அவை. இன்றைய ஃபெடெக்ஸ் அங்கிருந்துதான் கிளம்பியது. அதன் முதல் ஃபால்கன் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நீங்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு மறுநாள் கதவைத் தட்டும் பார்சலுக்கு இதுவும் ஒரு மூதாதை.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை 41 ஃபால்கன்களை வாங்கி, கடலில் தத்தளிப்பவர்களைத் தேடவும் கடத்தல் படகுகளைத் துரத்தவும் பயன்படுத்தியது. ஜப்பான் கடலோரக் காவல் படையும் ஃபால்கன் 900-ஐ வாங்கியது. வேகமாகப் போக வேண்டும், நெடுநேரம் வானில் சுற்ற வேண்டும், சின்ன ஓடுபாதையில் இறங்க வேண்டும். முதலாளிக்குத் தேவையானது மீட்புப் படைக்கும் அப்படியே பொருந்தியது.

3-வது இன்ஜின் எதற்கு?

இனி தூரக் கணக்கு. ஒரு விமானம் கூடுதல் தூரம் போக வேண்டும் என்றால் கூடுதல் எரிபொருள் வேண்டும். கூடுதல் எரிபொருள் என்றால் கூடுதல் எடை. எடையைத் தூக்கப் பெரிய இறக்கை, பெரிய இன்ஜின், நீளமான ஓடுபாதை. பெரிய இன்ஜின் இன்னும் எரிபொருள் குடிக்கும். எலியும் பூனையும் ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி ஒரு கணக்கு. பெட்ரோல் டேங்கைப் பெரிதாக்கினால் போதும் என்கிற பைக் கதை இங்கே செல்லாது.

டசால்ட் குழுவின் பதில் 1976 நவம்பர் 7-ம் தேதி பறந்தது. ஃபால்கன் 50. உடல் அகலம் ஏறக்குறைய பழைய ஃபால்கன் 20 தான். ஆனால் இறக்கை புதுசு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு எகிறாமல் பார்த்துக்கொள்ளும் வடிவம் அது. இன்ஜினும் சிக்கனமானது. சிறிய இன்ஜின்கள்தான், அதனால் இரண்டு போதாது, வால் பகுதியில் மூன்றாவதாக ஒன்று. இதில் இன்னொரு வசதியும் உண்டு. நடு அட்லாண்டிக்கில் ஒரு இன்ஜின் நின்றுபோனால், 2 இன்ஜின் விமானம் பாதி பலத்தை இழக்கும். இதற்கு மூன்றில் ஒரு பங்குதான் போகும். சுற்றிலும் தண்ணீர் மட்டும் தெரியும் இடத்தில் அந்த வித்தியாசம் சின்னது இல்லை. 1930-ல் தபால் விமானத்துக்கு 3 இன்ஜின் வைத்தவரின் கம்பெனி, 46 வருஷம் கழித்து மறுபடியும் அதே எண்ணிக்கைக்கு வந்தது. லிண்ட்பர்க் பறந்த 5,800 கி.மீ. இப்போது சோபாவில் தூங்கிக்கொண்டே போகும் தூரம் ஆகிவிட்டது. லிண்ட்பர்க் அதைப் பார்க்க இல்லை, 1974-ல் இறந்துவிட்டார்.

1984-ல் அதைவிடப் பெரிய ஃபால்கன் 900 பறந்தது. அடுத்த ஆண்டே பாரிஸில் இருந்து அமெரிக்காவின் லிட்டில் ராக் நகருக்கு நிற்காமல் போய்க் காட்டியது. 7,000 கி.மீ.க்கு மேல். இதன் வடிவமைப்பில் பயன்பட்ட கணினி மென்பொருளின் பெயரைச் சொன்னால், நம்ம ஊரில் மெக்கானிக்கல் படித்த பசங்களுக்குச் சட்டென்று புரியும்: கேட்டியா. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பயிற்சி மையம் மையமாகச் சொல்லிக்கொடுக்கிறார்களே, அது டசால்ட் தன் விமானங்களை வரைய உருவாக்கிய மென்பொருள்தான்.

இந்தக் காலத்திலும் மார்செலை அரசியல் விடவில்லை. 1981-ல் மிட்டரான் தலைமையில் சோசலிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் நிறுவனத்தின் கட்டுப்பாடு அரசிடம் போனது. வாழ்க்கையில் இரண்டாவது முறை! நாடாளுமன்ற உறுப்பினராகப் பல பத்தாண்டுகள் இருந்தார், சொந்தமாக வார இதழ் நடத்தினார், சினிமாவும் தயாரித்தார். 1980-ல் ஐரோப்பாவையே கலக்கிய 'லா பூம்' படத்தின் தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவர். 1986 ஏப்ரல் 17-ம் தேதி, 94 வயதில் இறந்தார். ரஃபேலின் முதல் மாதிரி பறந்தது அதே ஆண்டு ஜூலை 4-ம் தேதி. இரண்டரை மாதத்தில் தவறவிட்டார்.

கிகாலியில் விழுந்த விமானம்

நெடுந்தூர ஜெட்டின் கதையில் ஒரு இருண்ட பக்கமும் இருக்கிறது. கம்பெனி முதலாளிகளைவிட அதிகமாக இதை விரும்பியவர்கள் நாட்டுத் தலைவர்கள். பிரான்ஸ், ருவாண்டா நாட்டு அதிபருக்கு ஒரு ஃபால்கன் 50 கொடுத்திருந்தது. 1994 ஏப்ரல் 6-ம் தேதி இரவு, தலைநகர் கிகாலியில் இறங்கப்போகும் நேரத்தில் அது ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. ருவாண்டா அதிபர் ஹப்யரிமானா, உடன் வந்த புருண்டி அதிபர் இருவரும் இறந்தார்கள். அன்றிரவே தொடங்கிய இனப்படுகொலையில் சுமார் 100 நாட்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். படுகொலைக்கான தயாரிப்பு முன்பே நடந்திருந்தது, விமானம் காரணம் இல்லை, தீப்பொறி. ஆனாலும் இன அழிப்பில் இருந்து தப்பிய ஒருவரின் பெயர் தாங்கிய விமானம் இன்னொரு இன அழிப்பின் முதல் பக்கத்தில் கிடக்கிறது.

சுற்றுச்சூழல் விமர்சனமும் உண்டு. நூற்றுக்கணக்கானோர் போகும் விமானத்தோடு ஒப்பிட்டால், நாலைந்து பேருக்காகப் பறக்கும் ஜெட் ஒரு ஆளுக்கு எரிக்கும் எரிபொருள் பல மடங்கு. ஐரோப்பாவில் இதை எதிர்த்துப் போராட்டங்கள் நடக்கின்றன. நியாயமான கேள்விதான்.

நாக்பூர் வரை வந்த ஃபால்கன்

இன்றைய ஃபால்கன் 7எக்ஸ் சுமார் 11,000 கி.மீ. போகும். பாரிஸில் இருந்து சென்னைக்கு வந்து இறங்கின பிறகும் டேங்கில் மிச்சம் இருக்கும். அதிலும் 3 இன்ஜின்தான். 2 இன்ஜின் ரகமான ஃபால்கன் 2000 எல்.எக்ஸ்.எஸ். சுமார் 7,400 கி.மீ. போகும், சென்னைக்குக் கொஞ்சம் போதாது.

அந்த ஃபால்கன் 2000-ஐத்தான் இனி இந்தியாவிலும் முழுமையாகச் செய்யப்போகிறார்கள். ரிலையன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நாக்பூரில் டசால்ட் நடத்தும் ஆலையில் 2019-லேயே இதன் மூக்குப் பகுதி தயாரானது. 2025 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அடுத்த அறிவிப்பு வந்தது. முழு விமானத்தையும் நாக்பூரில் பொருத்துவார்கள், முதல் விமானம் 2028-க்குள் பறக்க வேண்டும் என்பது இலக்கு. பிரான்ஸுக்கு வெளியே ஒரு ஃபால்கன் முழுதாக உருவாவது இதுதான் முதல் முறை.

டசால்ட் நிறுவனத்தின் சின்னத்தில் 4 இலை கொண்ட சிறு செடி ஒன்று இருக்கும். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் மார்செல் புல்வெளியில் கண்டெடுத்து பர்ஸில் வைத்துக்கொண்ட நாலிலைக் குளோவர் அது. மூன்று இலைதான் வழக்கம், நாலு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை.